ஐந்து நிமிடத் திட்டு

அந்தக் கட்டடத்தில் இருபத்திரண்டு மாடி, ஆறு லிஃப்ட், ஒரே ஒரு அக்கா.

லிஃப்ட்டில் வேலை என்றதும் ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அப்படி நினைத்தவர்களை அவள் ஒரு பார்வை பார்ப்பாள், அன்று முழுக்க அவர்கள் படியில்தான் ஏறுவார்கள். அவள் மெக்கானிக். வடம் தேய்ந்திருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, பெட்டி தரைக்குச் சமமாக வந்து நிற்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு லிஃப்ட்டின் அடிக்குழியிலும் இறங்கிச் சோதித்துவிட்டு, சுவரில் பதித்த இரும்பு ஏணியைப் பிடித்து மேலே ஏறி வரவேண்டும். உரிமம் வாங்கப் போன இடத்தில், "பொம்பளைக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று கேட்ட அதிகாரியிடம், "வடத்துக்கு ஆம்பள பொம்பள தெரியாது சார், இழுக்கத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தவள். அது நடந்து பத்தொன்பது வருடம் ஆகிறது.

அக்கா என்பது அவள் பெயர் அல்ல என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் அது யாருக்கும் தெரியாது. ஆரம்பத்தில் அங்கே ஓர் எலெக்ட்ரீஷியன் இருந்தார், தமிழ் பேசுகிறவர், வாய் நிறைய அக்கா அக்கா என்று கூப்பிடுவார். அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், சொல் மட்டும் அங்கேயே தங்கிவிட்டது. அவரோடு சேர்ந்து மற்றவர்களும் கூப்பிட, அதுவே பெயராகிவிட்டது. பதினெட்டாம் மாடிக் கம்பெனியிலிருந்து வரும் கடிதத்தில் 'திருமதி அக்கா அவர்களுக்கு' என்று அச்சடித்திருப்பார்கள். அவளும் திருத்தவில்லை. இத்தனை பேர் வாயில் அக்காவாக இருப்பது என்ன லேசான காரியமா?

மதியம் ஒரு மணிக்கு அவள் தரைக்குக் கீழே இரண்டாவது தளத்துக்கு இறங்குவாள். பம்ப் அறையை ஒட்டி ஜன்னல் இல்லாத ஓர் அறை. பழைய லிஃப்ட்டிலிருந்து கழற்றிய கதவு ஒன்றை, வடம் சுற்றி வந்த இரண்டு மர உருளைகளின் மேல் அவளே படுக்கப் போட்டிருந்தாள். அதுதான் சாப்பாட்டு மேஜை. ஏழு பேர் உட்காருவார்கள். கேன்டீன் சமையல்காரர், வாசல் காவல்காரம்மா, பார்சல் கொண்டுவருகிறவர், பிளம்பர், கூட்டித் துடைக்கிற பெண், கயிற்றில் தொங்கி வெளிக் கண்ணாடியைக் கழுவுகிற கயிற்றுக்காரத் தம்பி, அப்புறம் அக்கா. ஏழு பேருக்கும் ஏழு தாய்மொழி. ஒருவர் பேசுவது அடுத்தவருக்கு ஒரு எழுத்துகூடப் புரியாது. அலுவலக மொழியைத் தட்டுத்தடுமாறி வைத்துக்கொண்டு, 'உப்பு கொடு', 'நகரு', 'மணி என்ன' என்கிற அளவுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த மொழி அக்காவுக்கு மட்டும் நன்றாக வரும். இந்தக் கதையில் யாராவது அக்காவிடம் பேசினால் அது அந்த மொழியில்தான். உங்களுக்காக நம் பேச்சில் சொல்கிறேன்.

அந்த மேஜையில் திட்டுவதற்கென்றே ஒரு வழக்கம் இருந்தது, அது எப்படி வந்தது என்று கேட்டால், பத்து வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காவல்காரம்மா முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க வந்து உட்கார்ந்தார். வாசலில் யாரோ ஒரு துரை, கார் கதவைத் திறக்கத் தாமதமானது என்று நாலு பேர் முன்னால் கத்தியிருக்கிறான். அலுவலக மொழியில் அதைச் சொல்ல வார்த்தை வரவில்லை. சட்டென்று தன் மொழிக்குத் தாவி, கொட்டு கொட்டென்று கொட்டினார். ஐந்து நிமிடம். யாரும் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. முடித்துவிட்டு மூச்சு வாங்கியபோது, என்ன சொல்வதென்று தெரியாமல் அக்கா வாயிலிருந்து, "அப்படியா!" என்று வந்தது. காவல்காரம்மா அவளைப் பார்த்தார், திடீரென்று சிரித்தார், பிறகு இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டார்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஒரு நாளைக்கு ஒருவர் முறை. சமையல்காரர் ஒரு கடிகாரம் கொண்டுவந்தார், முட்டை வேகவைக்கும்போது முறுக்கி வைப்பது. ஐந்து நிமிடத்துக்கு முறுக்கி மேஜை நடுவில் வைப்பார். முறைக்காரர் தன் மொழியில் யாரை வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் திட்டலாம், புலம்பலாம், அழலாம். மணி அடித்ததும் மற்ற ஆறு பேரும் ஒன்றுபோல, "அப்படியா!" என்பார்கள். ஆறு பேர் வாயில் அது ஆறு விதமாக வரும். கூட்டித் துடைக்கிற பெண் இழுத்து ஒரு பாட்டாகவே பாடிவிடுவாள். யாரும் யாருக்கும் புத்தி சொன்னதில்லை. புரிந்தால்தானே சொல்வதற்கு!

அக்காவின் முறை வந்தால் மேலே கட்டட மேனேஜருக்கு விக்கல் எடுக்கும். உருப்படாதவன், விளங்காதவன், கட்டையில போறவன் என்று ஆரம்பித்து, அவன் பரம்பரையையே கழுவி ஊற்றுவாள். ஆனால் ஒருநாள் அவள் முறையில் பாதியில் குரல் இறங்கிவிட்டது. வேறு ஒன்றைச் சொன்னாள். அதை வீட்டுக்காரரைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அதற்கு அடுத்த நாள் கயிற்றுக்காரத் தம்பியின் முறை. வழக்கமாகச் சிரிக்கச் சிரிக்கத் திட்டுகிற ஆள், அன்று மேஜையைப் பார்த்துக்கொண்டே மெதுவாக எதையோ சொன்னான். சொல்லச் சொல்லக் கண்ணீர் வந்தது. மணி அடித்தது, அவன் நிறுத்தவில்லை. சமையல்காரர் சத்தம் காட்டாமல் கடிகாரத்தை இன்னொரு முறை முறுக்கி வைத்தார்.

இந்த இரண்டு நாளும் அந்த அறையில் எட்டாவதாக ஒருவர் இருந்தார் என்பதுதான் வினை.

அவரைப் பண்பாட்டு மேடம் என்று கூப்பிட்டார்கள். கட்டடத்தை நடத்துகிற கம்பெனி, பல நாட்டு மக்களும் பல மொழி மக்களும் ஒற்றுமையாக வேலை செய்கிறார்களா என்று பார்ப்பதற்கென்றே சம்பளம் கொடுத்து அவரை வைத்திருந்தது. நல்ல மனுஷிதான், குறை சொல்வதற்கில்லை. கீழே வந்தார், தரையில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார், யார் எதைக் கொடுத்தாலும் சாப்பிட்டார். திட்டுகிற வழக்கத்தைக் கேட்டதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. "இதைத்தான் நான் இத்தனை வருஷமா தேடிட்டு இருந்தேன்!" என்றார். ஏழு நாள் வந்தார். மேஜையில் சாப்பாட்டு டப்பாக்களுக்கு நடுவே ஒரு சின்னப் பெட்டியை வைப்பார், ஓரமாக ஒரு கேமராவும் இருக்கும். ஒரு பலகைபோன்ற கருவியை நீட்டி விரலால் கையெழுத்துப் போடச் சொன்னார். மூன்று மாதமாக ஒரு மைக்ரோவேவ் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதற்குத்தான் என்று நினைத்து ஏழு பேரும் போட்டார்கள்.

பதிவு செய்கிறார் என்று தெரியாமலா இருந்தது? தெரியும். யாருக்குப் புரியப்போகிறது என்று இருந்துவிட்டார்கள். பத்து வருடமாக ஒருவருக்கொருவர் புரியாமலேயே பேசிப் பேசி, உலகத்தில் வேறு யாருக்குமே புரியாது என்று நம்பிப் பழகிவிட்டார்கள். வேறு எவரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது.

ஒரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மேடம் நான்காவது லிஃப்ட்டில் அக்காவைப் பிடித்துவிட்டார். கையில் ஒரு தாள்.

"அக்கா, வெள்ளிக்கிழமை காலையில கீழ்த்தளத்துல புது ஹால் திறக்கிறோம்ல, அதுல நம்ம படத்தைப் போடப்போறோம். கீழே எழுத்து ஓடும், எல்லாருக்கும் புரியிற மாதிரி. ஏழு மொழிக்கும் ஆள் பிடிச்சு மொழிபெயர்க்கச் சொல்லியிருக்கேன். உங்களோடது வந்துடுச்சு. சரியா இருக்கான்னு பாத்துச் சொல்லுங்களேன்."

அக்கா தாளை வாங்கிப் படித்தாள். கட்டையில போறவன் என்பதற்கு 'மரத்தின் மீது பயணம் செய்பவர்' என்று போட்டிருந்தது. சிரிப்பு வந்தது. அடுத்த பத்தியில் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே தப்பே இல்லை. 'என் வலது முழங்கால் போய்விட்டது. குழிக்குள் இறங்கினால் ஏறி வர அரை மணி நேரம் ஆகிறது. ஏணியில் பாதியில் நின்று அழுதுவிட்டு ஏறுகிறேன். வெளியே தெரிந்தால் அடுத்த நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.'

அந்தப் பத்தியை அவள் இன்னொரு தடவை படித்தாள். ஏழாவது மாடியில் கதவு திறந்தது, மூடியது. யாரும் ஏறவில்லை.

"இதைப் போடாதீங்க மேடம்."

மேடத்துக்கு முகம் வாடிவிட்டது. படித்திருக்கிறார் போலும். "உங்களுக்குச் சங்கடமா இருந்தா உங்க பகுதியை எடுத்துடறேன். கவலைப்படாதீங்க, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

உண்மையைச் சொல்ல வேண்டும். அந்த நிமிடம் அக்காவுக்கு 'தப்பித்தோம்' என்றுதான் தோன்றியது. மற்ற ஆறு பேரின் நினைப்பு வரவில்லை. அப்படி வராமல் போனதற்காக அவள் பிற்பாடு தன்னையே நிறையத் திட்டிக்கொண்டாள்.

ஒரு மணிக்கு மேஜையில் விஷயத்தைச் சொன்னாள். பேசியதையெல்லாம் அலுவலக மொழியில் எழுதி, வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் காட்டப் போகிறார்கள் என்று கையையும் வாயையும் வைத்துப் புரியவைத்தாள். பிளம்பர் தலையில் கை வைத்துக்கொண்டார். காவல்காரம்மா யாரையோ நினைத்துக்கொண்டு, "ஐயோ" என்பதற்கு அவர் மொழியில் என்னவோ அதைச் சொன்னார். கயிற்றுக்காரத் தம்பி டப்பாவை மூடப் பார்த்தான். இருபது மாடி உயரத்தில் காற்றில் ஆடிக்கொண்டே சீட்டி அடிக்கிற பையன், மூடியை மாட்டத் தெரியாமல் மூன்று தடவை தவறவிட்டான். பிறகு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அவனிடம் இருந்த அலுவலக வார்த்தைகளே இருபதுதான். அதிலிருந்து பொறுக்கி எடுத்தான்.

"அக்கா. வேண்டாம். அக்கா. என் வேண்டாம்."

என்ன சொன்னான் அந்த மதியம்? வீட்டைப் பற்றியா, உடம்பைப் பற்றியா, செய்யக்கூடாத எதையாவது செய்துவிட்டானா? யாருக்கும் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை.

அக்கா நேராக ஒன்பதாம் மாடியில் மேடத்தின் அறைக்குப் போனாள். மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை.

"தம்பியோடதையும் எடுத்துடுங்க. எல்லாரோடதையும் எடுத்துடுங்க."

"அக்கா, அவரோட பகுதிதான் படத்துக்கே உயிர். அவர் அழுறாரு பாருங்க, அந்த இடத்துல யாருக்கும் மனசு கரையும். மொழிபெயர்ப்பு வியாழக்கிழமை வருது, நான் இன்னும் படிக்கல. ஆனா படிக்காமயே எனக்குத் தொண்டையை அடைக்குது."

"அவன் அழுதது எங்க முன்னால."

"அதான் அழகு! புரியாமயே நீங்க ஆறு பேரும் கேட்டீங்களே. அது என்னன்னு உலகத்துக்குப் புரிஞ்சா எவ்வளவு நல்லது?"

"யாருக்கு நல்லது?"

மேடம் மேஜையில் கிடந்த தாள்களை அடுக்கி வைத்தார். பிறகு, கம்பெனியின் பெரியவர் படத்தின் முதல் பாதியைப் பார்த்துப் பாராட்டிவிட்டார், அழைப்பிதழ் போய்விட்டது, எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்று மெல்லிய குரலில் சொன்னார். "உங்களோடதை எடுத்துட்டேன். அதுக்கு மேல என் கையில இல்ல அக்கா" என்றார். அக்கா கிளம்பும்போது, வெள்ளிக்கிழமை ஏழு பேரும் அவரவர் ஊர் உடையில் வந்தால் நன்றாக இருக்கும் என்று வேறு கேட்டுக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் அவள் வீட்டுக்காரர் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், அதனால் எதையும் அவசரப்படாமல் கேட்பார்.

"உன்னோடதத்தான் எடுத்தாச்சுன்னு சொல்லிட்டாங்கல்ல. அப்புறம் என்ன உனக்கு?"

"அந்தத் தம்பி என்ன சொன்னான்னே எனக்குத் தெரியாதுங்க."

"தெரியாத ஒண்ணுக்கா இந்தக் குதி குதிக்கிற?"

"தெரியாததுனாலதான். தெரிஞ்சிருந்தா, இது பெரிய விஷயம், இது சின்ன விஷயம்னு நானே தராசு பிடிச்சிருப்பேன். போனாப் போகுதுன்னுகூட விட்டிருப்பேன். இப்ப எப்படி விடுறது?"

அவர் தைலப் புட்டியை மூடினார். "நீ பாட்டுக்கு ஏதாவது பண்ணி வேலையைத் தொலைச்சுட்டு வந்து நிக்காத."

"தொலைச்சா என்ன பண்ணுவீங்க?"

"என்ன பண்றது, தினமும் ஒரு மணிக்கு நான்தான் உக்காந்து திட்டு வாங்கணும்" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள். ஆனால் அவளுக்கு உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. பத்தொன்பது வருடம் பிடித்த வடம், அதை விட்டால் கை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியவில்லை.

புதன்கிழமையும் வியாழக்கிழமையும் மேஜையில் யாரும் திட்டவில்லை. சாப்பாட்டு டப்பாக்களை ஹாலாகவும் கரண்டிகளைத் தங்களாகவும் வைத்துத் திட்டம் போட்டார்கள். சமையல்காரர் ஒரு தட்டை நிமிர்த்தி வைத்து, இதுதான் திரை என்றார். ஏழு கரண்டிகளையும் அதன் முன்னால் வரிசையாக நிறுத்தினார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஹால் நிறைந்திருந்தது. பூங்கொத்து, குளிர்சாதனம், சுவர் அகலத்துக்கு வெள்ளைத் திரை. மேனேஜர் புதுக் கோட்டு போட்டு ஓடிக்கொண்டிருந்தார். நடு நாற்காலியில் கம்பெனியின் பெரியவர். ஏழு பேருக்கும் முன்வரிசையில் இடம் ஒதுக்கிப் பெயரெல்லாம் எழுதி வைத்திருந்தார்கள். ஊர் உடை எங்கே என்று மேடம் கண்ணாலேயே கேட்டார். ஏழு பேரும் வேலை உடுப்பில்தான் வந்திருந்தார்கள். அக்காவின் சாம்பல் நிற உடுப்பில் அன்று காலையில் பட்ட கிரீஸ்கூட அப்படியே இருந்தது. கயிற்றுக்காரத் தம்பி இடுப்பு வாரையும் கொக்கிகளையும் கழற்றாமல் வந்து உட்கார்ந்தான், அசையும்போதெல்லாம் கலகலவென்று சத்தம் வந்தது.

மேடம் பேசினார். விளக்கு அணைந்தது. திரையில் அந்த மேஜை வந்தது, முதலில் சமையல்காரரின் முகம். வாய் திறந்தது, கீழே முதல் எழுத்து ஓடியது.

அக்கா எழுந்தாள். முட்டி ஒரு தடவை குத்தியது, பல்லைக் கடித்துக்கொண்டு நடந்துபோய்த் திரைக்கு முன்னால் சபையைப் பார்த்து நின்றாள். பின்னாலேயே ஆறு பேரும் வந்து, தோளோடு தோள் இடித்து நின்றார்கள். எழுத்தெல்லாம் திரைக்குப் போகாமல் அவர்கள் சட்டையில் விழுந்தது. காவல்காரம்மாவின் மார்பில் பாதி வார்த்தை, பிளம்பரின் வயிற்றில் மீதி வார்த்தை, மடிப்பில் வளைந்து யாரும் படிக்க முடியாமல் ஓடியது. சமையல்காரர் சட்டைப் பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து முறுக்கினார்.

ஏழு பேரும் ஒரே நேரத்தில் திட்ட ஆரம்பித்தார்கள்.

பத்து வருடத்தில் ஒருநாளும் சேர்ந்து திட்டியதில்லை. ஏழு மொழியும் அந்தப் புது ஹாலில் முட்டி மோதிக் கூரைக்கு ஏறியது, பின்னால் ஒலிபெருக்கியில் வந்த அவர்கள் குரலே அவர்கள் குரலில் அமுங்கிப்போனது. அக்கா மேனேஜரைப் பார்த்துக்கொண்டே, ஒரு சொல் விடாமல், பத்தொன்பது வருடத்துக் கணக்கைத் தீர்த்தாள். கூட்டித் துடைக்கிற பெண்ணுக்குக் கண் கலங்கியிருந்தது, வாய் நிற்கவில்லை. கயிற்றுக்காரத் தம்பி கண்ணை மூடிக்கொண்டு கத்தினான்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். சபை மயங்கிவிட்டது! ஆளாளுக்கு ஃபோனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே ஒத்திகை பார்த்த நிகழ்ச்சி என்று நினைத்துவிட்டார்கள். கடிகார மணி அடித்து ஏழு பேரும் நிறுத்தியதும், பெரியவர் எழுந்து நின்று கைதட்டினார். அவரைப் பார்த்து ஹாலே எழுந்து கைதட்டியது. "அற்புதம்! அற்புதம்!" என்றார் பெரியவர். பின்னால் படம் ஓடிக்கொண்டேதான் இருந்தது.

அக்காவுக்கு உச்சந்தலைக்கு ஏறியது கோபம். திட்டினால்கூடக் கைதட்டுகிறார்கள் என்றால் இவர்களை என்னதான் செய்வது?

"கை தட்டாதீங்க!" என்றாள், இந்த முறை அலுவலக மொழியில், எல்லாருக்கும் புரிகிற மாதிரி. "உக்காருங்க. இது நாடகம் இல்ல. இந்தப் படம் ஓடக்கூடாதுன்னு மறிச்சுட்டு நிக்கிறோம்."

கைதட்டல் அங்கங்கே நின்றது.

"கீழ எங்களுக்கு ஒரு மேஜை இருக்கு. அங்க ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்குப் புரியாது. அதனாலதான் பேசுறோம். புரிஞ்சிருந்தா ஆளாளுக்குப் புத்தி சொல்லியிருப்போம், பாவம்னு சொல்லியிருப்போம், நாலு பேர்கிட்ட சொல்லியிருப்போம். நீங்க எங்களப் புரிஞ்சுக்கணும்னு ஆசப்படுறீங்க. நல்ல ஆசைதான். ஆனா எங்களக் கேட்டீங்களா?"

"அக்கா, போதும், வந்து உக்காருங்க" என்று மேனேஜர் பல்லுக்கிடையில் சொன்னார்.

"இருங்க சார். வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பக்கூடாதுல்ல." அவள் பெரியவரைப் பார்த்தாள். "ஒருத்தர் மனசுல இருக்கிறதைக் கேக்கணும்னுதானே வந்தீங்க? என்னோடதைக் கேளுங்க. என் வலது முட்டி போச்சு. ரெண்டு வருஷமாச்சு. குழியில இறங்கினா ஏணியில பாதியில நின்னு அழுதுட்டுத்தான் ஏறுறேன். ஒரு திருகாணிகூட நான் பார்க்காம விட்டதில்ல, ஆனா ஏற முடியல. வேலை போயிடும்னு மறைச்சேன். இதை மேடம் எனக்காக எடுத்துட்டாங்க, படத்துல இருக்காது. நானே சொல்றேன், ஏன்னா இது என்னோடது. கொடுக்கிறதுன்னா நான் கொடுப்பேன். இந்த ஆறு பேரோடது உங்களுக்குக் கிடையாது."

படம் பிடித்துக்கொண்டிருந்தவர்கள் ஃபோனை இறக்கினார்கள். மேனேஜர் பெரியவரின் முகத்தைப் பார்த்தார். படத்தில் இப்போது யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அக்கா திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் பக்கத்தில் நின்ற தம்பியின் கொக்கிகள் நடுங்கிச் சத்தம் போட்டன. அவன் பகுதி வந்துவிட்டது. வெளிச்சம் அவர்கள் நெஞ்சில் விழுந்துகொண்டிருந்தது.

படாரென்று வெளிச்சம் போய்விட்டது. மேடம்தான். ஓரத்தில் மண்டியிட்டு, சுவரிலிருந்து புரொஜக்டர் ஒயரைக் கையால் பிடுங்கியிருந்தார்.

விளக்குப் போட்ட பிறகு என்ன நடந்தது என்பது பெரிய கதை இல்லை. பெரியவர் கூட்டம் இருக்கிறது என்று போய்விட்டார். லிஃப்ட்டில்தான் போனார், பிரேக் நன்றாகவே பிடித்தது. மேடம் ஒன்பதாம் மாடியில் அக்காவை உட்காரவைத்து, அவள் கண் முன்னாலேயே எல்லாவற்றையும் அழித்துக் காட்டினார். மொழிபெயர்த்தவர்களிடமும் அழிக்கச் சொல்லி எழுதினார். அவர் கண் சிவந்திருந்தது.

"நேத்து சாயங்காலம் அவரோடதைப் படிச்சேன் அக்கா. அப்பவே நிறுத்தியிருக்கணும். எனக்குத் தைரியம் வரல. அவர் என்ன சொன்னார்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீங்களும் மறந்துடுங்க."

திங்கட்கிழமை மேனேஜர் ஒரு கடிதம் கொடுத்தார். மருத்துவப் பரிசோதனை, அதன் முடிவு வரும்வரை குழியில் இறங்கக் கூடாது, மாதக் கடைசியோடு பணியிலிருந்து விடுவிப்பு என்று வரிசையாகப் போட்டிருந்தது. முடிவு வருவதற்கு முன்பே விடுவிப்பை எழுதிவிட்ட சாமர்த்தியத்தை அக்கா ரசித்துப் படித்தாள்.

"உடம்பை மறைச்சது என் தப்பு, ஒத்துக்கறேன்" என்றாள். "உக்காந்து பாக்குற வேலை இந்தக் கட்டடத்துல நாலு இருக்கு. அதுல ஒண்ணைக் கேட்டு நான் மேல எழுதப்போறேன். நீங்க கொடுக்கலன்னாலும் எழுதுவேன்."

"எழுதுங்க, எழுதுங்க. ஆனா மாசக் கடைசிக்கு மேல கட்டடத்துக்குள்ள வரக் கூடாது."

"வேலைக்கு வரமாட்டேன் சார். ஒரு மணிக்குச் சாப்பிட வருவேன். விசிட்டருக்குக் கதவு உண்டுல்ல?"

சொன்னபடி வந்தாள். அடுத்த மாதம் முதல் தேதி, பன்னிரண்டே முக்காலுக்கு, டப்பாவைத் தூக்கிக்கொண்டு, முட்டியைத் தாங்கித் தாங்கி வாசலில் வந்து நின்றாள். காவல்காரம்மா விறைப்பாக எழுந்து, விசிட்டர் புத்தகத்தைத் திருப்பி வைத்தார். பெயர் என்ற இடத்தில் அவரே 'அக்கா' என்று எழுதினார். யாரைப் பார்க்க என்ற இடத்தில் 'ஆறு பேர்'. என்ன காரணத்துக்காக என்ற இடத்தில் கொஞ்சம் யோசித்து, 'திட்ட' என்று எழுதி, முத்திரை குத்தி, கிழித்துக் கொடுத்தார். மேனேஜர் அந்தப் பக்கமாகத்தான் போனார், பார்த்தார். சீட்டில் முத்திரை இருந்தது, லிஃப்ட் பக்கமாக நடந்துவிட்டார்.

கீழே மேஜை அப்படியே இருந்தது. மைக்ரோவேவ் மட்டும் புதிதாக வந்திருந்தது, யார் அனுப்பினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அன்று கயிற்றுக்காரத் தம்பியின் முறை. சமையல்காரர் கடிகாரத்தை எடுத்தார். தம்பி கையைக் காட்டி நிறுத்திவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தான். அலுவலக மொழியில், யாரிடமோ கேட்டுக் கேட்டு, பெரிய பெரிய எழுத்தில் ஒரு பக்கம் எழுதியிருந்தான். அக்காவை நேராகப் பார்த்தான்.

"அக்கா. நான் அன்னைக்குச் சொன்னது. இதுல இருக்கு. உங்களுக்கு மட்டும். உங்களுக்குத் தெரியணும்."

ஒரு மாதம் படித்திருக்கிறான் இந்த ஒரு பக்கத்துக்கு. அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். தெரிந்துகொள்ள ஆசையில்லை என்று சொன்னால் பொய். அவள் வேலையையே விழுங்கிய ஐந்து நிமிடம் அந்தத் தாளில் இருந்தது. வாங்கினாள், ஒரு எழுத்தையும் பார்க்காமல் நாலாக மடித்து, திரும்ப அவன் பையிலேயே செருகினாள்.

"உன் பாஷையில சொல்லுப்பா" என்றாள்.

அவன் பையிலிருந்த தாளை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டான். சமையல்காரர் கடிகாரத்தை முறுக்கி நடுவில் வைத்தார். தம்பி தன் மொழியில் பேச ஆரம்பித்தான். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக, இடையில் ஒரு தடவை சிரித்தான், ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஆறு டப்பாக்களில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. அக்கா கன்னத்தில் கை வைத்து, ஒரு சொல்லையும் தவறவிடாமல் கேட்டாள், ஒரு சொல்லும் புரியவில்லை.

மணி அடித்தது.

"அப்படியா!" என்றாள் அக்கா.